படத்தில் பத்தொன்பது பேர்

பழைய படங்கள் இருந்தால் மலருக்கு அனுப்பிவையுங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம். 1987 மே மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் குண்டு விழுந்தபோது என் தங்கச்சி வீட்டை விட்டு ஓடினாள். அவளுடைய கைப்பையில் காணி உறுதியோடு சேர்ந்து தப்பிவந்த படம் இது. 1945 டிசம்பரில் எடுத்தது. பருத்தித்துறையில் நம் கல்லூரியின் எஸ்.எஸ்.சி. வகுப்பு, பள்ளி இறுதிச் சோதனை எழுதும் வகுப்பு. கீழே ஒட்டியிருக்கும் தாளில் இடமிருந்து வலமாகப் பதினெட்டு மாணவர்களின் பெயர்கள் தட்டச்சில் உள்ளன. படத்தில் மாணவர்களை எண்ணினால் பத்தொன்பது வருகிறது.

பின்வரிசையில் வலது கரையில் நிற்பவனின் பெயர்தான் தாளில் இல்லை. மற்றவர்கள் கோட்டுப் போட்டிருக்கிறோம், அவன் வெறும் சேட்டோடு கைகளைப் பின்னால் கட்டி நிற்கிறான். இரண்டு வருடம் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் அவன்.

எனக்கு வீடு புலோலியில், கல்லூரிக்கு நடை தூரம். அவன் வல்வெட்டித்துறையான். பொலிகண்டி, திக்கம், இன்பர்சிட்டி என்று கடற்கரை றோட்டால் ஐந்து மைல் சைக்கிள் ஓடி வருவான். யுத்தகாலம், ரயர் ரியூப் கடையில் கிடையாது. பின் ரயருக்குள் ரியூப்புக்குப் பதிலாகப் பழங்கயிற்றை முறுக்கி அடைத்திருந்தான். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பெயர்ந்து வீசும் மாதங்களில் கல்லூரிக்கு வரும்போது எதிர்காற்று இல்லை, பின்னேரம் வீடு திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அறையும். அவன் அதைக் கடற்காரன் பாஷையில்தான் சொல்வான்: "வரேக்கை பாய் விரிச்ச ஓட்டம், போகேக்கை மாறி மாறிப் பிடிக்கவேணும்."

அந்த நாள் சாப்பாட்டைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு ரங்கூன் அரிசி நின்றுவிட்டது. பிறகு எல்லாம் பங்கீட்டுக் கூப்பன்தான். சங்கக்கடை வரிசையில் நின்று வாங்கிய அரிசி கிழமை முடியமுன் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் ஆச்சி கூப்பன் மாவை அவித்துப் பிட்டாக்குவா. இல்லாவிட்டால் குரக்கன், மரவள்ளிக்கிழங்கு. அவன் வீட்டிலிருந்து ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாப் பிட்டும் சுட்ட மீனும் வாழையிலையில் வரும். மத்தியானம் மணி அடித்ததும் இரண்டையும் நடுவில் வைத்துப் பாதிபாதியாகப் பிரிப்போம். காசு இருக்கும் நாளில் சந்தைப் பக்கம் போய்த் தட்டை வடை வாங்குவோம். ஒடியலின் அந்த இலேசான கசப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. லண்டனில் கடையில் வாங்கும் ஒடியல் மாவில் அது வருவதில்லை.

தமிழ்ப் பாடம் தவிர மற்றதெல்லாம் இங்கிலிஷில். புவியியல் வகுப்பில் அவனுக்கென்று ஒரு நாள் வாய்த்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர், பாய்க்கப்பல்கள் எங்கள் காலத்தோடு மறைந்துவிட்டன என்றார். அவன் எழுந்து, "சேர், எங்கடை ஊர்க் கப்பல் அமெரிக்காவுக்குப் போனது" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் அட்லஸை அவன் கையில் கொடுத்து, "போன வழியைக் காட்டும் தம்பி" என்றார். அவன் வல்வெட்டித்துறையில் விரலை வைத்து ஏடன், சுயெஸ், ஜிப்ரால்டர், பெர்மூடா என்று இழுத்துக்கொண்டு போய் மசாசூசெட்ஸ் கரையில் குளொஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினான். அதுதான் அன்னபூரணி. வல்வெட்டித்துறை மேத்திரிமார் (கப்பல் தச்சர்கள்) கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். ஓட்டிச் சென்றவர்கள் ஊர் ஆட்களே. 1938 ஆகஸ்டில் குளொஸ்டர் போய்ச் சேர்ந்தது. ஊரிலிருந்து கப்பல் வெளிக்கிட்ட நாளில் அவன் ஐயாவின் தோளில் இருந்து பார்த்தவன். அன்றைக்கு அந்தப் பாடவேளை முழுவதும் அவனுடையதாகிவிட்டது.

கணக்கில் அவனை விட வல்லவனை அதற்குப் பிறகும் நான் காணவில்லை. ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன்.

யூலை மாதம், திரிகோண கணிதம் தொடங்கும் முன், கணக்கு மாஸ்ரர் எங்களை வெளிச்சவீட்டுக்குக் கூட்டிப்போனார். காவலாளியிடம் முதல்நாளே அனுமதி வாங்கியிருந்தார். "இது எத்தனை அடி உயரமெண்டு ஏறாமல் சொல்லுங்கோ" என்றார். காலை வெயில். ஆறடிக் கம்பொன்றை நட்டோம், அதன் நிழல் நாலு அடி. வெளிச்சவீட்டின் நிழலை அதன் சுவரிலிருந்து கயிறு பிடித்து அளந்தோம், அறுபத்திரண்டு அடி. ஒத்த முக்கோணம் எல்லோருக்கும் தெரியும். அறுபத்திரண்டை ஆறால் பெருக்கி நாலால் பிரித்து, தொண்ணூற்று மூன்று என்று கத்தினோம். மாஸ்ரர் பதில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார்.

அவன் கத்தவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போய் வெளிச்சவீட்டின் அடியைச் சுற்றி வந்தான். ஏறக்குறைய ஐம்பது அடி. மணலில் குந்தியிருந்து ஈர்க்கால் கணக்குப் போட்டான்.

"சேர், உச்சி நடுவிலையெல்லோ இருக்கு. சுவரிலையிருந்து அளந்தால் எப்பிடிச் சரிவரும்? நடுவுக்கு இன்னும் எட்டடி கூட்டவேணும்."

அறுபத்திரண்டும் எட்டும் எழுபது. எழுபதுக்கு நூற்றைந்து. 1916 இல் கட்டிய அந்த வெளிச்சவீட்டின் உயரம் 105 அடிதான். மாஸ்ரர் அவன் முன்னால் அதே மணலில் குந்தி, அந்த ஈர்க்குக் கணக்கைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். வெள்ளை வேட்டியில் மண் பட்டதைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில், "நீர் யூனிவேர்சிற்றிக்குப் போகவேணும், விளங்குதோ" என்று அவனிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கி அப்போது மூன்று வருடம்தான்.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தது. கடைத்தெருவில் வானொலிப் பெட்டியைச் சுற்றிச் சனம் நின்றது, வெடி கொளுத்தினார்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். இனி அரிசி வரும், ரயர் வரும் என்று பேசிக்கொண்டோம். கூப்பன் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது.

செப்டெம்பர் முதற்கிழமை அவன் வரவில்லை. இரண்டாம் கிழமை வந்தான், புத்தகக் கட்டு இல்லாமல். அவனுடைய ஐயா வத்தையில் (சரக்குப் பாய்க்கப்பலில்) தண்டையலாக, கப்பல் தலைவனாக இருந்தவர். பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார். இவன் மூத்தவன், கீழே மூன்று பெண்பிள்ளைகள். அம்மானின் வத்தை நாகபட்டினத்துக்கு ஓடு ஏற்றப் போகிறது, அதில் ஆள் தேவை என்றான். கணக்கு மாஸ்ரர் அன்று பின்னேரமே சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் போய், சோதனைக் காசைத் தான் கட்டுவதாகத் தாயிடம் சொன்னார். தாய் அழுதாவாம். "மாஸ்ரர், உலை வைக்கிறதை ஆர் கட்டுவினம்?" என்று கேட்டாவாம். அதற்கு மேல் மாஸ்ரரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று எங்களிடம் சொன்னார். வகுப்பில் அவர் குரல் தழுதழுத்ததை நாங்கள் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

போகும்போது அவன் தன்னுடைய லொக் புத்தகத்தை, கணக்குக்கான மடக்கை அட்டவணைப் புத்தகத்தை, என்னிடம் தந்தான். என்னுடையதில் சைன் அட்டவணைப் பக்கங்கள் கழன்று போயிருந்தன. "சோதினைக்குக் கொண்டு போ மச்சான். முடிஞ்சாப் போலை தா." நான் அந்தப் புத்தகத்தோடுதான் சோதனை எழுதினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் என் மேசையில் இருக்கிறது. இதை எண்பது தாண்டிய வயதிலும் மனம் நோகாமல் எழுத முடியவில்லை.

அவன் விலகி மூன்று கிழமை கூட ஆகவில்லை, ஒக்டோபர் 1ஆம் திகதி நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரி கன்னங்கரா கொண்டுவந்த திட்டம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. அது அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அவனைக் கடலுக்கு அனுப்பியது உலைப்பானை. ஆனால் அவன் ஓடு ஏற்றி இறக்கி வீட்டைப் பார்த்த காலத்தில், அந்த மூன்று தங்கைகளும் காசு கட்டாமல் படித்தார்கள். நடுவிலாள் கணித ஆசிரியையாகவே வந்தா. கன்னங்கராவின் பெயரை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த மூன்று பேரின் முகம்தான் முன்னுக்கு வரும்.

படம் எடுத்த கதையைச் சொல்லவேண்டும். சோதனை முடிந்த அடுத்த நாள் படப்பிடிப்பு. வத்தை முதல்நாள்தான் கரை சேர்ந்திருந்தது. கணக்கு மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, "சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவனை ஏத்திக்கொண்டு வாரும்" என்றார். போனேன். வரமாட்டேன் என்றான், தான் இப்போது மாணவன் இல்லை என்றான். அவனுடைய அம்மாதான் உள்ளேயிருந்து தோய்த்த சேட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தா. சைக்கிள் பாரில் இருந்து வந்தவன் வழிநெடுகப் பேசவில்லை. கல்லூரி வாசலில் இறங்கும்போதுதான் அவனுடைய கைகளைப் பார்த்தேன். பாய்க்கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கையும் வெடித்துக் காய்த்திருந்தன. மாஸ்ரர் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அவன் போய்ப் பின்வரிசையில் கரையில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பெயர்ப் பட்டியலை யாரோ வரவுப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சில் அடித்திருக்க வேண்டும்.

எனக்கு எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைத்துக் கொழும்புக்குப் போனேன். பிறகு ஒருமுறைதான் அவனைக் கண்டேன், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பின், வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயில் இந்திரவிழாவில். கறுத்து, தோள் அகன்று, தண்டையலாகியிருந்தான். லொக் புத்தகத்தைப் பற்றி நான் வாய் திறக்கமுன் அவனே சொன்னான்: "மச்சான், அந்த நூற்றைஞ்சு அடியை நான் இன்னும் விடேல்லை. அதோடை நிலத்தின்ரை உயரத்தையும் கூட்டி, கடலிலை நிண்டு வெளிச்சவீட்டின்ரை கோணத்தைப் பார்த்தனெண்டால், கரை எவ்வளவு தூரமெண்டு கணக்கிலை சொல்லிப்போடுவன். எங்கடை பொடியள் நான் மந்திரம் போடுறனெண்டு நினைக்கினம்."

பிறகு கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகி, பாய்க்கப்பல் வியாபாரம் மெல்ல மெல்ல அற்றுப்போனது. அவனும் காலமாகிவிட்டான். பேரன் ரொறன்ரோவில் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் கதைத்தோம். படத்தின் பிரதி அவருக்கும் அனுப்பினேன், லொக் புத்தகத்தை இந்தக் கோடை விடுமுறையில் நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். படத்தைப் பிரசுரிக்கும்போது பழைய பட்டியலை அப்படியே போடவேண்டாம். பத்தொன்பதாவது பெயரை முழுமையாக, தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும், பேரனின் சம்மதத்துடன் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பின்வரிசை, வலது கரை.