சேறு, நெல்லு, அப்புறம் அந்தக் கல்லு

பொங்கல் லீவுக்கு வர்றவங்க நிறைய பேர் இப்ப தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் உள்ரோட்டுல சைக்கிள் எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. ரெண்டு பக்கமும் வயல், கூடவே வாய்க்கால், ட்ராஃபிக்கும் கம்மி, கேக்கவா வேணும். ஆனா தை மாசி சம்பா அறுப்பு சமயம், அப்ப அந்த ரோடு பாதி ரோடு பாதி களம், இது தெரியாம வந்து விழுறவங்கதான் ஜாஸ்தி.

முதல்ல சேறு. அறுப்பு மெஷினும் நெல்லு ஏத்தின டிராக்டரும் வயல்ல இருந்து ரோட்டுக்கு ஏறுற இடத்துல டயர்ல ஒட்டின களிமண்ணு கட்டி கட்டியா விழுந்து கிடக்கும். பகல்ல காஞ்சு கெட்டியா இருக்கும், பிரச்சனை இல்ல. விடியக்காலம் பனி இறங்கினா மேல் தோல் மட்டும் ஈரமாகி சோப்பு போட்ட தரை மாதிரி ஆயிடும், பாத்தா காஞ்ச மண்ணுன்னுதான் தோணும். அங்க ஹேண்டில திருப்பாதீங்க, முன் பிரேக்க தொடாதீங்க, முன்னாடியே ஸ்பீட குறைச்சுட்டு நேரா போயிடணும். 25 மில்லிமீட்டர் அகல டயர்லாம் இந்தப் பக்கம் வேலைக்காகாது, 32க்கு மேல இருந்தா நல்லது. வைக்கோல் கியர்ல சுத்திக்கிட்டா மிதிச்சுப் பாக்காம இறங்கி கையால உருவிடுங்க, டீரெய்லர் ஹேங்கர் (பின்னாடி கியர் மாத்துற பாகத்த ஃப்ரேம்ல மாட்டியிருக்கற சின்ன உலோகத் துண்டு) வளைஞ்சா மன்னார்குடில ஸ்பேர் தேடி அலையணும்.

அடுத்து நெல்லு. காயப்போட்ட நெல்லு மேல ஏத்தினா டயர் அப்படியே வழுக்கும். ஏன்யா ரோட்டுல காயப்போடுறீங்கன்னு சண்டைக்குப் போறவங்கள பாத்திருக்கேன், பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டேங்குறாங்க, மெஷின்ல அறுத்த நெல்லு ஈரமாத்தான் வருது, எல்லாருக்கும் களம் எங்க இருக்கு? தார் ரோடு சூட்டுல சீக்கிரம் காயுது. இறங்கி ஓரமா தள்ளிட்டுப் போங்க, காலால நெல்ல கிளறிக்கிட்டிருக்கற அம்மா "பாத்துப் போப்பா"ன்னு சிரிச்சுட்டே வழி விடுவாங்க.

எனக்கு கோவம் வர்றது கல்லு மேலதான். நெல்லு மேல வண்டி ஏறாம இருக்க வரிசையா கருங்கல்லு வைப்பாங்க, சரி. நெல்ல மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனப்புறமும் கல்லு மட்டும் நடுரோட்டுலயே கிடக்கும் பாருங்க, அத காலால ஓரமா தள்ள என்ன செலவு? பைக்காரங்களும்தான் இதுல விழுறாங்க.

பங்குனில உளுந்து. வண்டி ஏறி உதிரட்டும்னு செடியோட ரோட்டுல போட்டுருவாங்க, அது வைக்கோல விட மோசம், செயின்ல மாட்டினா லேசுல வராது.

சாயங்காலம் இருட்டினப்புறம் மட்டும் இந்த ரோட்டுப் பக்கம் வேணாம். நெல்ல குவிச்சு கறுப்பு படுதா போட்டு மூடியிருப்பாங்க, லைட் வெச்சிருந்தாலும் பக்கத்துல போறவரைக்கும் தெரியாது.