மேற்கே போன கைதிகள், கிழக்கே போன கைதிகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு மத்திய சிறை கிடையாது. நாகர்கோவிலில் மாவட்டச் சிறை உண்டு. ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், இருப்பவர்களைப் பெரும்பாலும் அங்கே வைப்பார்கள்; சிலர் பாளையங்கோட்டையிலும் இருப்பார்கள். நீண்ட தண்டனை என்று தீர்ப்பாகிவிட்டால் பாளையங்கோட்டைதான். நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

நான் ஆயுதப்படையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக) ஓய்வு பெற்றவன். பந்தோபஸ்து, கார்டு டூட்டி எல்லாம் பார்த்திருந்தாலும் அதிகம் பார்த்தது வழிக்காவல். சிறையிலிருந்து கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது, வாய்தா போட்டதும் திரும்பக் கொண்டுபோய் ஒப்படைப்பது. சிறைக்குள் நடப்பதை எழுத வேண்டியவர்கள் வார்டர்களும் உள்ளே இருந்தவர்களும். எனக்குத் தெரிந்தது வழி. அதில் போய்வந்து போய்வந்து ஒன்று உறுதியாகிவிட்டது. எங்கள் மாவட்டத்தின் சிறை வரலாறு சுவருக்குள் இருப்பதைவிட ரோட்டில்தான் அதிகம் இருக்கிறது. இங்கத்து ஆளை அடைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தூரத்துக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் அது மேற்கே. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. பெரிய கேஸ் என்றால் திருவனந்தபுரம் பூஜப்புரைச் சிறை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கைதி போகும் திசையும் கிழக்கே திரும்பியது. எல்லை மாறினால் பள்ளிக்கூடப் பாடம் மாறும், ஆபீஸ் மொழி மாறும் என்று எல்லோரும் பேசுவார்கள். ஒரு தாய் மகனைப் பார்க்க ஏறும் பஸ்ஸும் மாறும் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆரல்வாய்மொழிக்காரருக்கு இந்த மாற்றம் வசதி. கொல்லங்கோடு, நித்திரவிளைப் பக்கத்து ஆளுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டம். பாளையங்கோட்டைக்குப் போக அவர் மார்த்தாண்டம் வந்து, நாகர்கோவில் வடசேரி வந்து, அங்கிருந்து திருநெல்வேலி வண்டி பிடிக்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. தமிழகத்தோடு சேர்ந்ததில் எனக்குள்ள பெருமை கொஞ்சமல்ல. ஆனாலும் இந்தத் தூரத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வழிக்காவல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாரண்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அங்க அடையாளம். பெயர், தகப்பனார் பெயர், வலது முழங்கையில் தழும்பு, இடது தோளில் மச்சம். எழுதியிருப்பதும் எதிரே நிற்கும் ஆளும் ஒன்றுதானா என்று சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. எங்கள் பக்கம் ஒரே பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், உள்ளேயும் அப்படித்தான். அப்புறம் உடம்புச் சோதனை, சாப்பாட்டுப் படி, வண்டி. வேன் இல்லாத நாளில் பஸ் வாரண்டை வாங்கிக்கொண்டு அரசு பஸ்ஸில் ஏறிவிடுவோம். கைதி ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், கூட வருகிறவர் பின் சீட்டில்.

நான் சேர்ந்த புதிதில் விலங்கு மாட்டுவதுதான் வழக்கம். வழக்கமாக மாட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொல்லிவிட்டது. நடைமுறை அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1995ல் இன்னும் கறாராக, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் வழியிலும் மாட்டக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. எங்களில் பலருக்கு அப்போது கோபம். ஆள் தப்பினால் முதலில் சஸ்பெண்ட் ஆவது எஸ்கார்ட்தானே. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே பட்டது. தோவாளையில் டீக்கு இறங்கும்போது விலங்கோடு ஒருவர் கிளாசைப் பிடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்தே எழும்பும். சங்கிலி கிளாசில் தட்டும். டீ சட்டையில் சிந்தும். துடைக்க மூன்றாவது கை இருக்காது. எதிரே ஸ்கூல் பையோடு ஒரு பிள்ளை வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். குற்றம் நிரூபணமாகாத ஆள் அவர். அந்தப் பிள்ளையின் மனதில் தீர்ப்பு அங்கேயே எழுதியாகிவிட்டது.

பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று கோர்ட்டுகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. நான் விரும்பிப் போனது மேற்கு ரோடு. வில்லுக்குறி தாண்டினால் புலியூர்க்குறிச்சி. ரோட்டை ஒட்டி உதயகிரிக் கோட்டை. 1741ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். கைதியாக வந்தவர் இங்கேயே தங்கி, திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்ற பதவிக்கு உயர்ந்தார். இந்தக் கோட்டையை எடுத்துக் கட்டியதிலும், உள்ளே பீரங்கி வார்த்ததிலும் அவர் பங்கு உண்டு. 1777ல் இறந்தார். கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் எழுதியிருக்கும். வழியில் இந்தக் கதையைக் கைதிகளுக்குச் சொல்வேன். பிடிபட்ட ஒருவன் பிடித்தவனின் படைக்கே தலைவன் ஆனான் என்றதும், அதுவரை தலை குனிந்து வந்தவர்கள்கூட நிமிர்ந்து கோட்டையைப் பார்ப்பார்கள்.

அந்த டிலனாயோடு பழகியவர்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749ல் கைதானார். அவரை ஒரே சிறையில் பூட்டி வைத்துவிடவில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தடியில் சங்கிலி போட்டு வைத்திருந்ததாகவும், தாகத்தில் அவர் முட்டியால் இடித்த பாறையில் தண்ணீர் ஊறியதாகவும் ஜனங்கள் சொல்வார்கள். புலியூர்க்குறிச்சியில் இருக்கும் அந்தப் பாறைக்கு முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது.

வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், அவர் பாறை என் மேற்கு ரோட்டில். அவர் உயிர் போன மலை என் கிழக்கு ரோட்டில். மூன்று வருஷம் அவரைக் கொண்டுபோனவர்களும் என்னைப்போலச் சம்பளத்துக்கு நடந்த சேவகர்கள்தானே என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். அவர்களில் யாராவது ஒருவர் வழியில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பாரா என்று யோசிப்பேன். புலியூர்க்குறிச்சியில் வேன் வேகம் குறைந்தால் உள்ளே இருப்பவர்கள் பாறை இருக்கும் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நெற்றியில் சிலுவை போடுவார்கள். அதில் இந்து, கிறிஸ்தவர் என்று வித்தியாசம் நான் கண்டதில்லை.

தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் அரண்மனை மியூசியத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக்கூடு வைத்திருக்கிறார்கள். குற்றவாளியை அதற்குள் நிறுத்தித் தொங்கவிட்டுச் சாகவிடுவது அந்தக்காலத் தண்டனை. டூட்டி இல்லாத ஒரு நாள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். உள்ளே ஒருவர் உட்கார முடியாது, திரும்பவும் முடியாது. அந்த ஊரில் இன்று கோர்ட் இருக்கிறது, வாய்தா இருக்கிறது, இலவசச் சட்ட உதவி வக்கீல் இருக்கிறார். வழியில் நாங்கள் படும் பாட்டையெல்லாம் வைத்துக்கொண்டும் சொல்கிறேன், அந்தக் கூட்டிலிருந்து கோர்ட்டுவரை வந்தது பெரிய தூரம்.

மாசி மாதம் வந்தால் எங்களுக்கு வேறு டூட்டி. சாமிதோப்பு அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1838ல், பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். மாதக்கணக்கில் அங்கே இருந்தார். அடுத்த வருஷம் மாசியில் விடுதலை. இப்போதும் மாசி 19ல் திருவனந்தபுரத்திலிருந்து அன்பர்களின் வாகனப் பேரணி புறப்பட்டு நாகர்கோவில் வரும். மறுநாள் மாசி 20, அவதார தினம். நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமிதோப்புக்குப் பெரும் ஊர்வலம். ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். தலைப்பாகை கட்டும் உரிமையே இல்லாதிருந்தவர்களுக்கு அவர் கட்டிக்கொடுத்தது அது. ஊர்வலத்துக்குக் கயிறு பிடித்து நிற்கும்போது எனக்குத் தோன்றும்: கைதியாகப் போன வழியில் இத்தனை ஜனம் அவரைத் திரும்ப அழைத்துவருகிறது. சிறைக்குப் போன பாதையை வருஷந்தோறும் திருவிழாவாக நடக்கும் ஊர் வேறு எங்காவது இருக்குமா?

மேற்கே போன கடைசிப் பெரிய கூட்டம் 1954ல். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடிய வருஷம். ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை. அவருடைய சொந்தக் கட்சியின் ராம் மனோகர் லோகியாவே அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டார். செத்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, மாலை போடுகிறார்கள், சரி. பிடிபட்டு உள்ளே போன சாதாரண ஆட்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. குழித்துறை கோர்ட் வராந்தாவில் வயதான வக்கீல் குமாஸ்தா ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய சித்தப்பா அந்தச் சமயம் திருவனந்தபுரத்தில் இருந்தவர். பாட்டி மரச்சீனிக்கிழங்கு அவித்து, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாளாம். வெளிச் சாப்பாடு உள்ளே போகாது என்பது அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து, பொதியை அவிழ்க்காமலே பசுவுக்குப் போட்டாளாம். குமாஸ்தா இதைச் சொல்லும்போது, நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்படி உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் விளவங்கோடு, கல்குளம் முழுக்க இருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்கார்ந்தால் போதும்.

கிழக்கே முப்பந்தல் தாண்டியதும் காற்றாலைகள், கருவேலம், வெயில். வேனில் பேச்சு நின்றுவிடும். பாளையங்கோட்டை அடைபட்டவர்களுக்குப் பழைய ஊர். ஊமைத்துரையைக் கம்பெனிக்காரர்கள் அங்கேதான் அடைத்தார்கள்; 1801 பிப்ரவரியில் தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். இப்போதுள்ள சிறை 1880ல் மாவட்டச் சிறையாகக் கட்டப்பட்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் பாளையங்கோட்டையில்தான் வைத்தார்கள். நடுவில் இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளியாக இருந்து, 1968ல் மத்திய சிறை ஆயிற்று. மாலை லாக்கப்புக்கு முன்னால் ஆளை ஒப்படைத்தாக வேண்டும். பெரிய கதவு திறக்காது. அதிலுள்ள திட்டிவாசல்தான் திறக்கும். எவ்வளவு உயரமான ஆளும் குனிந்துதான் நுழைய வேண்டும். பலர் குனிவதற்கு முன் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்ப்பேச்சு பேசுகிற கடைசி ஆள் நாங்கள் என்பதால் இருக்கும். "வீட்ல சொல்லிருங்க சார்" என்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டார் எங்களைத் தேடி வருவது கோர்ட் வராந்தாவில். சிறைக்குப் போய் மனு போட்டுப் பார்ப்பதற்குக் காசும் நாளும் வேண்டும். வாய்தாவன்று குழித்துறைக்கு வந்தால் பஸ் செலவோடு போயிற்று. கேஸ் கூப்பிடும்வரை நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். விளவங்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள். மகனிடம் பேச மாட்டாள், என்னிடம்தான் கேட்பாள்: "எனக்க மவன் வல்லதும் தின்னானா சாரே?" தோவாளையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன் என்பேன். "எத்தன எண்ணம்?" என்று அடுத்த கேள்வி வரும்.

முதல் ரிமாண்டுக்கு ஆளை நேரில் நிறுத்த வேண்டும். நீட்டிப்பை வீடியோவில் செய்துகொள்ளலாம் என்று 2009ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கொரோனாவுக்குப் பிறகு அது சாதாரணமாகிவிட்டது. டீசல் மிச்சம், காவலர்களுக்கு அலைச்சல் மிச்சம், ஆள் தப்பும் பயமும் இல்லை. வேலை பார்த்தவன் என்ற முறையில் இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கிரீனில் நீட்டிப்பு முடிந்துவிடுவதால் அந்த அம்மா மாதிரி ஆட்களுக்கு வராந்தா இல்லாமல் போய்விட்டது. முகத்தைப் போனில் காட்டினாலும் ஆள் மெலிந்திருக்கிறானா, நடை எப்படி இருக்கிறது, காலில் புண் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியாது. விசாரணைக் கைதியை மாதம் ஒரு முறையாவது அவன் கேஸ் நடக்கும் கோர்ட்டுக்கே நேரில் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் செலவு இரண்டு காவலர், ஒரு வேன், பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு என்றால் 80 கிலோமீட்டர் போக, 80 வர.