மழையில் காயாத கிழவி

ஹற்றன் பக்கத்து ஜூன் மழையில் லேட்டக்ஸ், அதாவது இறப்பர் பால், காய வைக்கத் தனிப் பொறுமை வேண்டும். தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்காக, கையை உள்ளே விட்டு ஆட்டும் ஒரு கிழவி பொம்மை செய்துகொண்டிருக்கிறேன். தலைக்குப் பழைய மெத்தை ஸ்பொஞ்ச். கத்தரிக்கோலால் கிள்ளிக் கிள்ளி எடுக்க மூக்கும் தாடையும் மெல்ல வெளியே வரும். எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

அப்புறம் இறப்பர் பால். தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. கன்னத்துச் சுருக்கத்துக்கு டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஒட்டி, மேலே ஒரு தடவை. அமோனியா நெடி தாங்காமல் யன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள்! காய்ந்ததும் பவுடர் தட்டாவிட்டால் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும்.

நம் இலங்கையின் நூல் பொம்மலாட்டம், சிங்களத்தில் ரூகட, 2018இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அந்த மர முகங்கள் அழகுதான், ஆனால் முகம் சுளிக்காது. எங்கள் கிழவி விரல் அசைவுக்கெல்லாம் சுளிப்பாள், வெற்றிலையும் மெல்லுவாள்.

மூக்குத்தி மட்டும் பாக்கி. பித்தளை சரிவராது, அதில் செம்பு கலந்திருக்கிறது; செம்பு பட்டால் இறப்பர் கெட்டுவிடும். பிளாஸ்டிக்கில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.