மொட்டை மாடிக் காத்தாடி: பணகுடி நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

காற்று பிடித்துவிட்டது. கொடியில் ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போட வேண்டியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு வரும் இந்த மேல்காற்று செப்டம்பர் வரை லேசில் விடாது. முப்பந்தல் பக்கம் மின்சாரம் எடுக்க நிற்கிற காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

"அத்தை, நாமளும் ஒண்ணு செய்வோமா?" என்று அண்ணன் மகள் ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்பு. பொம்மை மோட்டார், பிளாஸ்டிக் விசிறி, ஒரு சிவப்பு எல்இடி இருந்தால் போதும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். மாடியில் பிடித்துப் பார்த்தோம். விசிறி சுற்றியது, விளக்கு எரியவில்லை. அந்த ரக மோட்டார் 3 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும். அதை நாம் சுற்றி மின்சாரம் எடுத்தாலும் அதே கணக்குதான்: நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு 0.1 வோல்ட் தேறினால் பெரிது. சிவப்பு எல்இடிக்கோ 1.8 வோல்ட்டாவது வேண்டும். வீடியோக்காரர் பக்கத்தில் மேஜை விசிறியை முழு வேகத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

என் ஜெராக்ஸ் கடையின் பரணில் கிடந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பிரித்து ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றினேன். பொம்மைக் காத்தாடிக்கு இதைவிடத் தோதான பொருள் சல்லிசாகக் கிடைக்காது. ஒரு சுற்றை 200 சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நகர்கிற மோட்டார். அதனால் ஒரே ஒரு சுற்று சுற்றினால் சுருளில் மின்னோட்டம் 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. மெதுவாகச் சுற்றினாலே வோல்ட் வருகிறது என்றால் காரணம் அதுதான்.

எந்த வயர் எந்தச் சுருளோடு சேர்ந்தது என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். இரண்டிரண்டு வயராக முறுக்கிவிட்டு அச்சைத் திருப்ப வேண்டும். திருப்புவது சட்டென்று கடினமானால் இரண்டும் ஒரே சுருள். பிள்ளைக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு எல்இடியைத் தலைகீழாக எதிரெதிரே இணைத்து ஒரு சுருளில் மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். இரண்டும் மாறி மாறி மின்னின. மாறுமின்னோட்டம் என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இறக்கை நாள். 4 இஞ்ச் பிவிசி குழாயை நீளவாக்கில் நாலாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் அடிப்பக்கம் அகலமாகவும் நுனி ஒடுக்கமாகவும் சாய்வாக அறுத்தோம். குழாயின் வளைவே இறக்கைக்கு வேண்டிய வளைவைக் கொடுத்துவிடுகிறது. விசிறியின் குறுக்களவு அரை மீட்டர். ப்ளைவுட் வட்டத்தில் மூன்று இறக்கை.

உண்மையான உழைப்பு அதற்கப்புறம்தான். வட்டத்தின் நடுவில் ஆணியைச் செருகித் தொங்கவிட்டால் எப்போதும் ஒரே இறக்கைதான் கீழே வந்து நிற்கிறது. அதை அரத்தால் ராவி, மறுபடி தொங்கவிட்டு, மறுபடி ராவி, எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை விடக்கூடாது. எடை ஒத்துவராத விசிறி வேகம் பிடித்தால் கம்பத்தையே உலுக்கி எடுத்துவிடும். மத்தியானம் முழுக்க இதிலேயே போயிற்று. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததற்கு இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

ஜூன் 21, சனி

அளந்து பார்க்க ஆசை. காற்று அடங்கியிருந்த விடியற்காலையில், ஆளில்லாத ரோட்டில் அண்ணன் பைக் ஓட்ட, பின்னால் நான் காத்தாடியைக் கம்போடு உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஸ்பீடாமீட்டரில் என்ன காட்டுகிறதோ அதுதான் காற்றின் வேகம்.

10 கிலோமீட்டரில் எல்இடிகள் மங்கலாக எரிந்தன. 20-இல் கண் கூசியது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலிருந்து வினாடிக்கு வரும் ஆற்றல் எட்டு மடங்காகும். அரை மீட்டர் விசிறியின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் 10 கிலோமீட்டரில் இரண்டரை வாட், 20-இல் 20 வாட். முழுவதையும் பிடுங்கிக்கொள்ள முடியாது. பிடுங்கினால் விசிறிக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும், முன்னால் வருகிற காற்றுக்குப் போக வழியிருக்காது. உச்சபட்சம் 59.3 சதவீதம் என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நிறுவினார். ஆக எங்களுக்கு 12 வாட் வரை வழியுண்டு. மீட்டர் காட்டியது 8 வோல்ட், 150 மில்லியாம்ப், அதாவது 1.2 வாட். மிச்சமெல்லாம் நான் அரத்தால் ராவிய இறக்கைகளிலும் மோட்டாரின் இழுவையிலும் சுருள் சூட்டிலும் போகிறது.

"நம்ம தண்ணி மோட்டார் ஓடுமால?" என்றான் அண்ணன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்றேன். பேசாமல் பைக்கைத் திருப்பினான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்னொரு கணக்கு. பழைய ரக 250 கிலோவாட் காத்தாடிக்கு விசிறி சுமார் 30 மீட்டர். எங்களுடையதைப் போல 60 மடங்கு அகலம், அப்படியென்றால் பரப்பு 3600 மடங்கு. 250 கிலோவாட்டை 3600-ஆல் வகுத்தால் 70 வாட்டுக்குப் பக்கம். அதே காற்றில் அதே திறமையோடு ஓடினால் எங்கள் பொம்மையும் இவ்வளவு தர வேண்டும்! ஆனால் அதே காற்று கீழே கிடைக்காது; கம்பத்தின் உயரத்துக்குத் தனி மரியாதை உண்டு என்பது மாடியில் நின்றால்தான் தெரிகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காற்று சுழன்று சுழன்று அடிக்கிறது. விசிறியைக் காற்றுப் பக்கம் திருப்பிவிடுகிற தகர வால் பாவம், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் ஆடுகிறது. கம்பத்தைத் தொட்டிக்கு மேலே ஏற்றியாயிற்று.

ஜூலை 6, ஞாயிறு

இப்போது மூன்று ரீசார்ஜ் செல்களைத் தொடராக மாட்டி, மாடிப்படி விளக்குக்கு ஓட்டுகிறோம். மாறுமின்னோட்டத்தை நேராக்க ஒவ்வொரு சுருளுக்கும் நாலு டயோடு, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பொருள். சாதாரண டயோடு போட்டால் அந்தப் பாதையில் 1.4 வோல்ட் வீணாகிறது, சின்னக் காத்தாடிக்கு அது பெரிய வரி. நாகர்கோவிலில் வோல்ட்டைக் குறைவாகத் தின்கிற ஷாட்கி டயோடு வாங்கி மாற்றியதும் லேசான காற்றிலேயே சார்ஜ் ஏறுகிறது. 100 மில்லியாம்ப் ஏறினால் 2000 மில்லியாம்ப்-மணி செல் நிறைய 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் காற்றுக்கு அது ஒன்றுமில்லை.

இரண்டு சுருளையும் ஷார்ட் பண்ணுகிற, அதாவது ஒவ்வொரு சுருளின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று சேர்க்கிற, ஒரு சுவிட்சும் வைத்தோம். பேய்க்காற்று அடிக்கும்போது தட்டிவிட்டால் மோட்டாரே பிரேக் பிடித்து விசிறியைத் தளரவைக்கும். பிவிசி நுனி வேகத்தில் வெட்டிவிடும் என்பதால், சுவிட்சைப் போட்டுக் கயிற்றால் கட்டிய பிறகுதான் அவள் கிட்டே போகலாம் என்று சட்டம். ஆடியில் காற்று இன்னும் ஏறும், அதற்குள் வாலை இரண்டு விரற்கடை நீட்ட வேண்டும்.