காற்று சரி, நகருதா?
பருவமழை வந்தாலே எங்கள் வீட்டில் சீரியல் நின்றுவிடும், சாட்டிலைட் படம்தான் ஓடும். புயல் என்றதும் எல்லோரும் கேட்பது, "காத்து எவ்வளவு?" நான் முதலில் பார்ப்பது கடல் சூட்டை. மேல்நீர் 26.5 டிகிரியைத் தாண்டினாலே புயலுக்குத் தீனி உண்டு. வங்கக்கடலில் நவம்பரிலும் 28 டிகிரி சர்வசாதாரணம்.

அப்புறம், நகரும் வேகம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் காற்று அப்படியொன்றும் பயங்கரமில்லை. ஆனால் கரைக்கு வந்த மனுஷன் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. விழுப்புரம் பக்கம் மயிலத்தில் அதைவிட அதிகம்.

சித்தப்பா, "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று அறிக்கை வந்தால், வானம் வெளுத்திருக்கிறதே என்று வாட்ஸப்பில் வாதாடாதீர்கள். படகைக் கட்டிப் போடுங்கள்.