சீரியலுக்காவது ‘தொடரும்’ உண்டு

2025 ஐபிஎல் சீசனில் 74 ஆட்டங்கள். ஒரு ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 259 மணி நேரம், அதாவது நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டால் 32 நாள் வேலைக்கும் மேலே. சீரியல் அரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், வருடத்துக்கு 156 மணி நேரம். மூன்று சீரியல் பார்ப்பவருக்கு 468. இதையெல்லாம் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, எனக்கும் கிரிக்கெட் உயிர். ஆனால் “நேரமே இல்லை” என்று சொல்வதற்கு முன்னால் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஐபிஎல்லையும் சீரியலையும் கணக்குப் போட முடிகிறது, ஏனென்றால் அவை ஒரு இடத்தில் முடிகின்றன. என் அம்மா சாயங்காலம் சீரியல் பார்ப்பார், பார்த்துக்கொண்டே கீரை ஆய்வார், பூ கட்டுவார், திரையில் ‘தொடரும்’ வந்ததும் எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அவர்கள் கையிலேயே ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு எது ‘தொடரும்’?

1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்த காலத்தில் ஒளிபரப்பே சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ முடிந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கூட்டமும் கலைந்துவிடும் என்று அப்பா சொல்வார். 1993-இல் சன் டிவி, அப்புறம் கேபிளில் வரிசையாகச் சேனல்கள். ஆனாலும் பார்க்க வேண்டுமென்றால் கூடத்துக்கு வந்து உட்கார வேண்டும், ரிமோட்டுக்கு வீட்டில் சண்டை நடக்கும், அதுவே ஒரு தடைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்தத் தடையும் போயிற்று. அதுவரை மாதத்துக்கு ஒரு ஜிபி வாங்கி மிச்சம் பிடித்துச் செலவழித்தவர்கள் நாம். இப்போது தினசரி டேட்டா, ராத்திரி பன்னிரண்டு மணியோடு காலாவதி. தீர்க்காவிட்டால் வீணாகிவிடுமே என்று படுத்துக்கொண்டே வீடியோ பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், பணத்தை வீணாக்காத மக்கள் நேரத்தை இப்படி விடுகிறார்களே என்று வருத்தமாக இருக்கும். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையிலேயே இங்கே ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது.

கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த முடிவில்லாத பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். நெட்ஃபிளிக்ஸ் தலைமைப் பொறுப்பில் இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல், தங்களுக்குப் போட்டியே தூக்கம்தான் என்று பேசினார். செய்கிறவர்களே இப்படிச் சொல்லும்போது, “மன உறுதி இருந்தால் போதும்” என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது நியாயமே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் எடுத்துவிட்டார்கள், அதைத் திரும்ப வைக்க வேண்டியது நம் வேலை.

நான் வைத்தவற்றைச் சொல்கிறேன். யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட காலியாகிவிடும். என்ன வேண்டும் என்று நாமே தட்டச்சு செய்து தேட வேண்டும். தேடி ஒரு வீடியோ பார்க்கிறேன், தானாக அடுத்தது ஓடும் வசதியையும் அணைத்துவிட்டதால் முடிந்ததும் நின்றுவிடுகிறது. இந்த ஒரு மாற்றம் கொடுத்த பலனை வேறு எதுவும் கொடுக்கவில்லை. கிரிக்கெட்டில் சிஎஸ்கே ஆட்டங்கள் மட்டும், லீக் சுற்றில் பதினான்கு, அதாவது 49 மணி நேரம். அதை அப்பாவோடு உட்கார்ந்து முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை ரசித்துப் பார்க்கிறேன், மற்ற ஆட்டங்களுக்குக் காலையில் ஸ்கோர் பார்த்தால் போதும். 210 மணி நேரம் கையில் நிற்கிறது.

சரி, அந்த நேரத்தை என்ன செய்வது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, எட்டு மணிக்கு வீடு சேர்கிறவரிடம் “புது மொழி கற்றுக்கொள், போட்டித் தேர்வுக்குப் படி” என்றால் இரண்டாம் நாளே போன் கைக்கு வந்துவிடும். முதலில் தூக்கத்திடம் எடுத்ததைத் தூக்கத்துக்கே கொடுங்கள். பதினொன்றரைக்குப் படுத்தவர் பத்தரைக்குப் படுத்தாலே காலை வேறு மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவதற்கு, களைத்த உடம்பாலும் செய்யக்கூடிய ஒன்று வேண்டும். எனக்கு அது நூலகப் புத்தகம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் தெருமுனையில் இருக்கும் கிளை நூலகத்துக்குள் கால் வைப்பதில்லை. மதுரைக்காரர்களுக்கு இன்னும் வசதி, 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுப் பாருங்கள், கிளம்பலாம் என்று நீங்கள்தான் கூப்பிட வேண்டியிருக்கும். படிக்கப் பிடிக்காதவர்கள் கேரம் போர்டைத் தூசி தட்டலாம், மொட்டை மாடியில் நடக்கலாம், சும்மா உட்கார்ந்து பேசலாம். எல்லா நிமிடத்திலும் லாபம் பார்க்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த வயதில் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான் என்று சொல்லாத வீடு குறைவு. தாத்தா பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், பாட்டி மேல் பழி போடாதீர்கள். ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரிச் சாப்பாடு என்றால் நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். வாசலில் உட்கார வைத்து, போகிற வருகிற ஆட்டோவையும் நாயையும் காட்டி ஊட்டுங்கள். கீழே சிந்தும், அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், பாதித் தட்டு மிஞ்சவும் செய்யும். பரவாயில்லை, அடுத்த நாளும் அதே வாசலில் உட்காருங்கள்.