பாப்பாவின் ஃபீஸ்

ஜூன் 11
தங்கை பாப்பாவை நர்சிங் சேர்க்க வேண்டும். வருமானச் சான்றுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் இ-சேவை மையத்தில் பதிந்தாயிற்று. இனி வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு கையாகத் தாண்டி வர வேண்டும். ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்விக்கடன் வட்டி மானியத்துக்கு 4.5 லட்சத்துக்குள். எங்களுக்கு இரண்டும் பொருந்தும்.

அப்பா கால் இன்னும் வீங்கியே இருக்கிறது.

ஜூன் 14
தூக்கம் வரவில்லை. நீட் எழுதியிருந்தால் ஜிப்மர் நர்சிங்குக்குப் போட்டிருக்கலாம். ராணுவ நர்சிங்குக்கும் அந்த மார்க்தான் கேட்கிறார்கள். அங்கே படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு செலவு, முடித்தால் அதிகாரி வேலை. பாப்பா படித்த பள்ளியில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. நீட் என்றால் டாக்டருக்கு என்றுதான் எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் அப்பாவைக் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், அதே வளாகத்தில்தான் அந்தக் காலேஜும் இருக்கிறது. நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

ஜூன் 15
ஞாயிறு. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 19
மாமா வந்திருந்தார். பாகூர் அத்தை வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றி, புதுச்சேரி அரசு கவுன்சிலிங்கான சென்டாக்கில் போட்டுவிடலாம் என்கிறார். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு கவுன்சிலிங். தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே குடியிருந்ததாகச் சான்று வேண்டும். பொய்ச் சான்றில் சேர்ந்து மூன்றாம் வருஷம் யாராவது கிளறினால் பாப்பா என்ன ஆவாள்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, முதல் வருஷ ஃபீஸை நானே கட்டுகிறேன் என்றார். அம்மா முகம் மலர்ந்தது. அவர் மகனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் தேவையில்லை.

ஜூன் 24
கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வங்கிக்குப் போனேன். அந்த லோன் ஆபீசர் அம்மா நன்றாக இருக்கட்டும், உட்காரவைத்துப் பேசினார். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம்; பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, மானியம் வந்தால் அதுவரைக்கும் வட்டியும் இல்லை. ஆனால் கவுன்சிலிங் சீட்டாக இருக்கட்டும், மேனேஜ்மென்ட் சீட் என்றால் பேச்சு வேறு என்றார். ஒதுக்கீட்டு ஆணையும் ஃபீஸ் விவரமும் வந்ததும் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்.

கடன் அவள் பெயரில் இருக்கும், அவள் சம்பாதித்துக் கட்டுவாள். மாமாவிடம் வாங்கினால் எந்தச் சம்பளத்தைக் கொண்டு எந்த நாளில் தீர்ப்பது?

ஜூலை 2
பெங்களூர் காலேஜ் என்று ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டான். இன்றே அட்வான்ஸ் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கையில் கொடுக்க வேண்டுமாம். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டேன், பேச்சை மாற்றினான். அம்மா காபி போட உள்ளே போனாள். வேண்டாம் என்று குரல் கொடுத்தேன்.

ஜூலை 5
அப்பா காலுக்குப் பாப்பாதான் கட்டுப் பிரித்தாள். புண் ஓரம் சிவப்பு குறைந்திருக்கிறதாம்.

ஜூலை 13
நான் கட்டிவரும் ஏலச் சீட்டை எடுக்கப் போகிறேன் என்றேன். அம்மா அழுதாள். அது உன் கல்யாணத்துக்கு என்கிறாள். லோன் கைக்கு வர நாளாகும், ஹாஸ்டலும் யூனிஃபார்மும் காத்திருக்குமா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் அவளுக்கு உண்டு. மெஸ்ஸுக்கு அதில் பாதியாவது தேறும். அம்மாவிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9
கவுன்சிலிங் தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. மாமா இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 4
சீட் கிடைத்துவிட்டது! தனியார் காலேஜ், ஆனால் அரசு ஒதுக்கீடு. பாப்பா என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

செப்டம்பர் 9
அம்மா பெயரில் பழைய குழுக்கடன் பாக்கி நிற்கிறது, கடன் வரலாற்றைச் சொல்லும் சிபிலில் காட்டுகிறது. அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். வங்கி மாடியில் இருக்கிறது. அந்தக் காலோடு அவரால் ஏற முடியாது. யாராவது பேப்பரைக் கீழே கொண்டுவந்து வாங்குவார்களா என்று காலையில் முதல் வேலையாக அந்த லோன் ஆபீசர் அம்மாவைக் கேட்க வேண்டும்.